இங்கே மண் எடுக்கப்படுவதில்லை

சத்தம் தாங்க முடியவில்லை என்று வீட்டுக்காரர் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் பொறுத்துக்கொண்டார். பின்னறைச் சுவர் தொட்டால் சுடுகிறது என்று சொன்னதையும் பொறுத்துக்கொண்டார். ஆனால், "உள்ள என்ன தம்பி, கள்ளநோட்டு அடிக்கிறீங்களா?" என்று கேட்டபோது அவருக்கு உச்சி மண்டை வரைக்கும் ஏறிவிட்டது.

"ஐயா, பாத்துப் பேசுங்க."

"பாத்துட்டுத்தான் பேசறேன். பகல் பூரா விர்ருனு ஒரு சத்தம். சுவத்துல சாஞ்சு உக்காந்தா மண்டைக்குள்ள வண்டு பூந்த மாதிரி இருக்கு. புத்தகம் எழுதறவர்னு நம்பித்தானே வீடு குடுத்தேன்?"

"எழுதறவர் இல்ல. மொழிபெயர்க்கறவர்."

"எதுவோ ஒண்ணு. ரெண்டுக்கும் சத்தம் வராதில்ல?"

ஒரே கூரை, நடுவில் ஒரு சுவர். அந்தப் பக்கம் வீட்டுக்காரர் தனியாக இருந்தார்; இந்தப் பக்கம் வாடகைக்கு மொழிபெயர்ப்பாளரும் அவர் மனைவியும். மனைவி தெருமுனைப் பல் மருத்துவமனையில் வரவேற்பாளர். மதியம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிற தூரம், மாதக் கடைசியில் கடன் கேட்க வைக்காத வாடகை. இந்த வீட்டை அவள்தான் அலைந்து திரிந்து பிடித்தாள். அதற்கு முன் பார்த்த வீடுகளை நினைத்தாலே அவள் முகம், முறை வருவதற்காக வெளியே காத்திருக்கும் பல்வலிக்காரர்களின் முகம் போல ஆகிவிடும்.

மொழிபெயர்ப்பாளர் செய்வது கையேடுகள். துணி துவைக்கும் இயந்திரம், ரத்த அழுத்தமானி, மடக்குக் கட்டில். எந்தப் பெட்டியைப் பிரித்தாலும் அடியில், யாரும் பிரிக்காத ஒரு மடிப்பில், அவருடைய தமிழ் இருக்கும். யாரும் படிப்பதில்லை என்பது அவருக்கும் தெரியும். படிக்காவிட்டால் போகட்டும், அதில் ஒரு ஆங்கிலச் சொல் நுழையக் கூடாது என்பது அவர் கட்சி.

சென்ற வருடம் ஒரு நிறுவனம் மின்நாணய இயந்திரத்துக்குக் கையேடு கேட்டது. ஊரெல்லாம் 'மைனிங்' என்று எழுதுகிற இடத்தில் இவர் 'சுரங்கம் தோண்டுதல்' என்று எழுதினார். எழுதிவிட்டு எழுந்து அறைக்குள் இரண்டு முறை நடந்தார், அவ்வளவு திருப்தி. அந்த நிறுவனம் கூலி கொடுப்பதற்குள் கதவைச் சாத்திக்கொண்டது. கூலிக்குப் பதிலாக ஒரு இயந்திரத்தை மட்டும் அனுப்பி வைத்தது. ஷூ பெட்டி அளவுதான். ஆனால் வயிற்றில் இரண்டு விசிறிகள். அதுதான் இப்போது பின்னறையில் விர்ரென்று சுற்றிக்கொண்டிருந்தது.

ஒற்றைச் சொல்லில் விஷயத்தை முடித்திருக்கலாம். மனைவி வீட்டுக்காரரின் முதுகுக்குப் பின்னால் நின்று 'மைனிங், மைனிங்' என்று சத்தமில்லாமல் வாயசைத்தாள்.

மொழிபெயர்ப்பாளர் நெஞ்சை நிமிர்த்தினார்.

"சுரங்கம் தோண்டறேன்."

வீட்டுக்காரர் குனிந்து தன் காலடியைப் பார்த்தார்.

"எங்க?"

"பின்னறையில."

மனைவி நெற்றியில் கை வைத்துக்கொண்டாள்.

"சும்மா உள்ள வந்து பாருங்க ஐயா," என்று கூப்பிட்டார் மொழிபெயர்ப்பாளர். நேரில் பார்த்தால் புரிந்துவிடும் என்பது அவர் நம்பிக்கை.

பின்னறையில் மேசை, மேசை மேல் இயந்திரம், பக்கத்தில் கணினி. வீட்டுக்காரர் மேசைக்குக் கீழே பார்த்தார். கட்டிலுக்குக் கீழே பார்த்தார். பாயைக் காலால் தள்ளிப் பார்த்தார்.

"பள்ளத்தைக் காணோமே?"

"இது கண்ணுக்குத் தெரியாத சுரங்கம். உலகம் பூரா லட்சக்கணக்கான இயந்திரம் ஒரே நேரத்துல ஒரு எண்ணைத் தேடுது. சூட்கேஸ் பூட்டுக்கு எண் மறந்து போச்சுன்னா ஒண்ணொண்ணா திருப்பிப் பாப்போமில்ல, அந்த மாதிரி. எந்த இயந்திரம் முதல்ல கண்டுபிடிக்குதோ, அது ஊர்ப் பொதுக்கணக்குல அடுத்த பக்கத்தை எழுதும். யார் யாருக்கு எவ்வளவு குடுத்தாங்கங்கற கணக்கு. மத்த இயந்திரமெல்லாம் அது சரியான்னு பாக்கும். சரியா இருந்தா எழுதினவருக்குப் புது நாணயம்."

"யார் குடுப்பா?"

"யாரும் குடுக்க மாட்டாங்க. அதுவா வரும்."

"அதுவாவா?"

"தோண்டத் தோண்ட."

'சூட்கேஸ்' என்று சொல்லிவிட்டோமே என்ற வருத்தம் அவருக்கு அப்போதுதான் உறைத்தது. அதை ஈடுகட்ட இன்னும் தூய தமிழில் இறங்கினார்.

"மொத்தம் இரண்டு கோடியே பத்து லட்சம் நாணயம்தான்னு தொடக்கத்துலயே வரையறுத்தாச்சு. பெரும்பகுதி எடுத்தாச்சு. மீதி உள்ளயேதான் இருக்கு. போகப் போகத் தோண்டறது கஷ்டமாகும்."

"இத நீங்க மட்டும்தான் தோண்ட முடியுமா?"

"யார் வேணா தோண்டலாம். அனுமதியே வேணாம். பக்கத்து வீட்டுலருந்துகூட தோண்டலாம். ஆனா முதல்ல எட்டறவருக்குத்தான் நாணயம்."

கணினித் திரையில் 'இன்று தோண்டியது' என்று, கூட்டாகத் தோண்டுகிறவர்களில் இவர் பங்கைக் காட்டும் ஒரு வரி ஓடியது. அதுவும் இவர் மொழிபெயர்த்ததுதான். புள்ளிக்குப் பிறகு வரிசையாகப் பூஜ்யங்கள், கடைசியில் ஒரு நாலு.

வீட்டுக்காரர் வெடித்தார்.

"காசுனா என்ன தம்பி? மடிக்க வரணும். பையில போட்டா கனக்கணும். தொலைஞ்சா வயிறு எரியணும். இந்தப் பூஜ்யத்த வச்சுக்கிட்டு ஒரு வாழைப்பழம் வாங்க முடியுமா? இதெல்லாம் காசே இல்ல! ஏமாத்து வேலை!"

"உங்க வங்கிக் கணக்குல மட்டும் என்ன இருக்கு? மூட்டை கட்டியா வச்சிருக்காங்க? அதுவும் திரையில தெரியற எண்தானே?"

"அது பேங்க் நம்பர்!"

"இது கணித எண்!"

"பேங்க்ல ஏசி இருக்கு, மேனேஜர் இருக்காரு, பேனாவக் கயித்துல கட்டி வச்சிருக்காங்க! இங்க என்ன இருக்கு? ஒரு டப்பா! காசுக்கு மதிப்புங்கறது ஊர் ஒத்துக்கறதுல இருக்கு தம்பி. நான் ஒத்துக்கல!"

சொல்லிவிட்டு, போகிற போக்கில் தரையைக் காலால் இரண்டு முறை தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

"மைனிங்னு சொல்லித் தொலைச்சா என்ன?" என்றாள் மனைவி. "கம்ப்யூட்டர் சமாச்சாரம்னு நினைச்சுட்டுப் பேசாம போயிருப்பாரு."

"இருக்கற சொல்லை விட்டுட்டு இரவல் சொல்லுக்குப் போகச் சொல்றியா?"

"வீடே இரவல்தான். அது ஞாபகம் இருக்கட்டும்."

அடுத்த வாரம் மதியம் சாப்பிட வந்தவள் பின்னறை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ஏங்க, தரை சிரிக்குது."

மேசைக்கு அடியில் தரை ஓட்டில் ஒரு விரிசல். மயிரிழைதான். ஆனால் நேற்று இல்லை. மொழிபெயர்ப்பாளர் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே வீட்டுக்காரர் வந்து நின்றார், ஏதோ அழைப்பு அனுப்பினது போல.

"சொன்னேனில்ல! தோண்டறேன்னு நீங்களே சொன்னீங்க! தெருவுல எல்லாருக்கும் சொல்லிட்டேன்!"

"ஐயா, நான் தோண்டறது தரையை இல்ல!"

"பின்ன என் வீட்டுல வேற எதைத் தோண்டறீங்க, சுவத்தயா?"

தெருவுக்குச் சொல்லிவிட்டார் என்பதுதான் மொழிபெயர்ப்பாளரைச் சுட்டது. ஒரு தவறான செய்தியை ஒரு சரியான வாக்கியத்தால் அடித்துவிடலாம் என்று அவர் நினைத்தார். அன்று மாலையே தடித்த எழுத்தில் எழுதி வாசல் கதவில் ஒட்டினார்:

'இங்கு நடைபெறுவது மின்நாணயச் சுரங்கப் பணி மட்டுமே. இங்கே மண் எடுக்கப்படுவதில்லை.'

மறுநாள் காலை ஒரு லாரிக்காரர் கதவைத் தட்டினார்.

"சார், எடுக்கற மண்ண என்ன பண்றீங்க? எனக்கு ரெண்டு லோடு வேணும்."

"மண் எடுக்கலைன்னு போட்டிருக்கே!"

"அது ஆபீசருங்க பாக்கறதுக்கு. நமக்குள்ள என்ன சார்?"

அவரை அனுப்பிவிட்டுத் திரும்பினால் எதிர்வீட்டு அக்கா நின்றுகொண்டிருந்தார். முகத்தில் கவலையும் ஆசையும் சரிபாதி.

"தம்பி, எங்க நாத்தனார் வீட்டுக்காரரு சும்மாதான் இருக்காரு. கடப்பாரை பிடிக்கத் தெரியும். ஆள் எடுத்தா சொல்லுங்க."

"அக்கா, இதுக்குக் கடப்பாரை வேணாம்!"

"கையாலயா தோண்டறீங்க?" என்று அக்கா வாயில் கை வைத்தார்.

மனைவி மருத்துவமனையிலிருந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஈறு வீங்கின ஒருத்தர் வாயத் திறந்து வச்சுக்கிட்டே 'உங்க வீட்டுல புதையலாமே'ன்னு என்னைக் கேக்கறாரு. டாக்டர் கேக்கறாரு. இன்னிக்குப் பூரா யாருமே பல்லப் பத்திப் பேசல. நான் ஒண்ணு சொல்றேன், கேளுங்க. இதுவரைக்கும் தோண்டினத வித்துடுங்க. அந்தப் பணத்துல வாடகைய முன்கூட்டியே குடுத்துடுங்க. பணம் கைக்கு வந்தா அந்த மனுஷன் வாய மூடிப்பாரு."

மொழிபெயர்ப்பாளருக்கும் அது பிடித்திருந்தது. காசே இல்லை என்று சொன்னவர் கையில் காசாகவே வைத்துவிடலாம். ஒரு வருடம் பூஜ்யம் பூஜ்யமாகச் சேர்ந்ததை விற்றார். விற்ற அன்று சாயங்காலமே விலை ஏறியது. அது தனி வயிற்றெரிச்சல். இரண்டு மாத வாடகையை நோட்டாக மாற்றி உறையில் போட்டுக் கொண்டுபோய் நீட்டினார்.

வீட்டுக்காரர் ஒரு நோட்டை உருவி வெளிச்சத்தில் பிடித்தார். மடித்தார். முகர்ந்து பார்த்தார்.

"இது அங்கருந்து வந்ததா?"

"அங்கருந்து தோண்டினதை வித்து வந்தது. ஒத்துக்கறீங்களா இப்போ?"

"நிஜ நோட்டு," என்றார் வீட்டுக்காரர். குரலில் அப்படி ஒரு ஆத்திரம். "இத்தனை வருஷமா இந்த வீட்டுல இருக்கேன். என் வீடு. என் மனை. நேத்து வந்த ஆளு..."

வாக்கியத்தை முடிக்காமல் கதவைச் சாத்திக்கொண்டார்.

அதன் பிறகு சத்தம் பற்றிப் புகாரே வரவில்லை. ஒரு நாள் மின்சாரம் போய் இயந்திரம் நின்றபோதுகூட வீட்டுக்காரரே ஓடி வந்து, "ஏன் தம்பி நிறுத்திட்டீங்க? ஓடட்டும், ஓடட்டும், எனக்கொண்ணும் தொந்தரவில்ல," என்றார். எண்ணுக்கு மதிப்பு உண்டு என்று ஒரு மனிதரையாவது ஒத்துக்கொள்ள வைத்துவிட்டோம் என்று மொழிபெயர்ப்பாளருக்கு ஒரே பெருமை.

ஆனால் வீடு ஒத்துக்கொள்ளவில்லை. விரிசலுக்குள் இப்போது ஒரு பென்சிலை நிறுத்தலாம். பின்னறைக் கதவு பாதி வழியில் முட்டிக்கொண்டு நின்றது. அலமாரி ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஒரு மத்தியானம் மடக்குக் கட்டில் கையேடுகள் மொத்தமாக மனைவியின் தலையில் இறங்கின.

"டொக் டொக்னு ஒரு சத்தம் வருது," என்றாள் அவள், தலையைத் தேய்த்துக்கொண்டே.

"விசிறிக்கு எண்ணெய் போடணும்."

எண்ணெய் போட்டார். விர் சத்தம் இன்னும் ஓங்கியது. டொக் சத்தம் கேட்கவில்லை. சரியாகிவிட்டது என்றார்.

மாதம் பாதியில் வீட்டுக்காரர் வந்தார். சட்டையெல்லாம் புழுதி. கண்ணில் தூக்கமே இல்லை.

"காலி பண்ணுங்க."

"எதுக்கு?"

"எதுக்கா? கதவப் பாருங்க! தரையப் பாருங்க! என் வீட்டுக்கு அடியில பூந்து விளையாடறீங்க. மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணணும். பின்னறைய மட்டும் நாளைக்கே குடுத்துட்டாலும் சரி, மத்தத அப்புறம் பேசிக்கலாம்."

அவர் போனதும் மனைவி நாற்காலியில் உட்கார்ந்தாள். தரை விரிசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மொழிபெயர்ப்பாளருக்கு அவள் திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

"உண்மையச் சொல்லுங்க," என்றாள் கடைசியில். "நான் வேலைக்குப் போனதுக்கப்புறம் தோண்டறீங்களா?"

"நீயுமா!"

"எனக்கு வேற என்ன தோணும்? தரை தானா இறங்குமா?"

"என் கையப் பாரு! இது கடப்பாரை பிடிச்ச கையா?"

அவள் கையைப் பிடித்து, திருப்பி, உள்ளங்கையைத் தடவிப் பார்த்தாள். "இல்லதான். ஊறுகாய் பாட்டில் மூடிய நான்தான் திறந்து தரேன். இந்தக் கையால சுரங்கம் வெட்ட முடியாதுன்னு எனக்குத் தெரியும். ஆனா அத வீட்டுக்காரர்கிட்ட எப்படிச் சொல்றது? மறுபடி நான் வீடு தேடி அலைய மாட்டேன். ஆமா, சொல்லிட்டேன்."

அந்த ஒரு வார்த்தையில் மொழிபெயர்ப்பாளர் கொதித்து எழுந்தார். யோக்கியன் எதற்குப் பயப்பட வேண்டும்? நேராக நகராட்சி அலுவலகத்துக்குப் போனார். கட்டடப் பொறியாளரைக் கையோடு அழைத்து வந்தார்.

பொறியாளர் ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி. கையில் இரும்புக் கம்பி, பின்னால் சம்மட்டியுடன் ஒரு ஊழியர். வாசலில் ஒட்டியிருந்த அறிவிப்பை நின்று நிதானமாகப் படித்தார். பிறகு மொழிபெயர்ப்பாளரைப் படித்தார்.

"இது நீங்க எழுதினதா?"

"ஆமா. பிழை ஏதும் இருக்கா?"

அவர் நேராக உள்ளே போனார். இதற்குள் வீட்டுக்காரர் வேர்த்து விறுவிறுக்க ஓடி வந்துவிட்டார்.

"எதுக்கு இன்ஜினியரெல்லாம்? இது எங்களுக்குள்ள! நான் பேசிக்கறேன்!"

"ஏன், நீங்கதானே தெருவையே கூட்டினீங்க?" என்றார் மொழிபெயர்ப்பாளர். "இன்னிக்குத் தெரிஞ்சுடும், யார் யோக்கியன்னு!"

பொறியாளர் கம்பியால் தரையைத் தட்டிக்கொண்டே நடந்தார். மேசைக்குப் பக்கத்தில் வந்ததும் சத்தம் மாறியது. அண்டாவைத் தட்டினது போல இருந்தது.

"கீழ ஒண்ணுமே இல்ல. வெறும் கூடு." அவர் நிமிர்ந்தார். "யார் தோண்டினது?"

மனைவி கணவனைப் பார்த்தாள். ஊழியரும் பார்த்தார். சன்னலில் தொற்றிக்கொண்டிருந்த எதிர்வீட்டு அக்காவும் பார்த்தார்.

"உடைங்க," என்றார் மொழிபெயர்ப்பாளர். "உடைச்சே பாத்துடுங்க. அந்த இயந்திரத்தை மொதல்ல நிறுத்தறேன், அப்பத்தான்..."

"மெஷின் ஓடட்டும்!" என்று கத்தினார் வீட்டுக்காரர். "யாரும் உடைக்கக் கூடாது! என் தரை இது!" அவர் கத்தினதெல்லாம் தரையைப் பார்த்தே இருந்தது. "நகராட்சி இன்ஜினியர் வந்திருக்காங்க! கேக்குதா? நகராட்சிலருந்து வந்திருக்காங்க!"

"எங்களுக்கு நல்லாவே கேக்குது," என்றார் பொறியாளர். "தள்ளி நில்லுங்க."

ஊழியர் சம்மட்டியை ஓங்கினார். ஒரே அடி. தரை ஓடு நாலு துண்டாகி உள்ளே விழுந்தது. விழுந்த சத்தம் கொஞ்ச நேரம் கழித்துத்தான் வந்தது. இன்னொரு அடியில் ஒரு ஆள் இறங்குகிற அளவுக்கு இருட்டு வாயைத் திறந்தது. ஈர மண் வாசனை அறை முழுக்கப் பரவியது.

இயந்திரம் மட்டும் விர்ரென்று சுற்றிக்கொண்டிருந்தது.

"கடவுளே," என்றாள் மனைவி. அவள் பார்த்த பார்வையில், வேலை விட்டு வந்து திறந்துகொடுத்த அத்தனை ஊறுகாய் பாட்டில்களும் பொய் என்று இருந்தது.

பொறியாளர் பேனாவை எடுத்தார். "வாசல்ல சுரங்கப் பணின்னு நீங்களே எழுதி ஒட்டியிருக்கீங்க. உள்ள சுரங்கம் இருக்கு. வேற என்ன சொல்லப்போறீங்க?"

மொழிபெயர்ப்பாளர் பள்ளத்தைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். தலைகீழாகத் தொங்கினாலும் சொல்வதில்லை என்றிருந்ததை, கை இரண்டையும் கூப்பிக்கொண்டு, அழுகிற குரலில் சொன்னார்.

"மைனிங் மேடம்! அது வெறும் மைனிங்! கம்ப்யூட்டர்ல பண்ற ஆன்லைன் மைனிங்!"

அப்போது பள்ளத்துக்குள்ளிருந்து ஒரு கடப்பாரை மேலே வந்தது. அதன் பின்னால், புருவம் வரைக்கும் மண் அப்பிய ஒரு தலை வந்தது. வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கி, நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்து, வீட்டுக்காரரிடம் வந்து நின்றது.

"மொதலாளி, உங்க ரூம்லருந்து நேரா வெட்டி இவரு மெஷினுக்கு அடி வரைக்கும் வந்துட்டேன், ஒத்தக் காசு இல்ல, நமக்கு முன்னாடியே இந்த மனுஷன் மொத்தத்தையும் அள்ளிட்டாரு!"